படம் எடுத்தால் புத்தகம் பிழைத்துவிடுமா?

பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது அதற்குக் கட்டடம் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று அழைக்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். திருக்குறளில் தொடங்கிப் பழைய இலக்கியங்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு வந்தன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு.

ஏன் தட்டச்சு செய்தார்கள்? அன்றைக்கு இணைய இணைப்பு என்றால் தொலைபேசி மோடம். ஒரு பக்கத்தின் படம் இறங்கவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எழுத்தாக இருந்தால் ஒரு முழு நூலே சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தமிழுக்கென்று எல்லோரும் ஏற்ற ஒரு குறியீடு அப்போது புழக்கத்தில் இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தன் போக்கில் எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த பாட்டை வேறொன்றில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பைதான் தெரியும். மதுரைத் திட்டம் திஸ்கி குறியீட்டில் நூல்களை வெளியிட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடாகிய ஒருங்குறி பரவியதும் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து அந்த மாற்றத்தைச் செய்திருக்காவிட்டால், அந்தக் கோப்புகள் இன்றும் வட்டில் பத்திரமாகவே இருக்கும், படிக்கத்தான் முடியாது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கணினிமயமாவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஸ்கேனரோடு நின்றுவிடுகிறது. இத்தனை லட்சம் பக்கங்கள் மின்னாக்கம் செய்யப்பட்டன என்று செய்தி வரும், அதோடு விஷயம் முடிந்ததாக நினைத்துக்கொள்வோம். ஸ்கேன் எடுப்பது மொத்த வேலையில் எளிதான பகுதி. அதற்கு அப்புறம் ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலைதான் ஒரு நூல் நிலைக்குமா, காணாமல் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கோட்டையூர்ச் சேகரிப்பு

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஏறத்தாழ 1950 முதல் அவர் தேடித் தேடிச் சேர்த்தது நூல்கள் மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், யாரும் பொருட்டாக நினைக்காத சிறு பிரசுரம் என எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். 1992-இல் அவர் இறந்தபோது அந்தச் சேகரிப்பு என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே ஒரு நூலகமாக அமைத்தார்கள். அப்படி உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. 19, 20-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகத்தைப் பற்றி ஆராயும் யாரும் அந்தப் படியை மிதிக்காமல் வேலையை முடிக்க முடியாது.

அங்கே முதலில் நடந்தது ஸ்கேன் இல்லை, பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதியும் மைக்ரோஃபிலிம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த காகிதம் மலிவாகக் கிடைத்தது. அந்தக் காகிதத்திலேயே அமிலம் இருக்கிறது. வெளியிலிருந்து பூச்சியும் ஈரமும் வராவிட்டாலும் அது தானாகவே பழுப்பேறி, மடித்தால் ஒடியும் நிலைக்கு வந்துவிடும். சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் இன்னும் சீக்கிரம். ஆகவே, பக்கம் உதிர்வதற்குள் அதை வேறொன்றில் பதிந்துவிட வேண்டும் என்ற அவசரம். குளிரூட்டிய அறையில் ஒழுங்காக வைத்த மைக்ரோஃபிலிம் சில நூற்றாண்டுகள் தாங்கும். அதைப் படிக்க எந்த மென்பொருளும் வேண்டாம்; ஒரு லென்ஸும் கொஞ்சம் வெளிச்சமும் போதும்.

ஆனால் அதைப் படிக்க ஆள் நேரில் வர வேண்டும். சுருளை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, கண் வலிக்கத் தேட வேண்டும். மட்டக்களப்பில் இருக்கும் ஆய்வு மாணவிக்கு அது எட்டாக்கனி. ஸ்கேன் வந்து இந்தத் தூரத்தை இல்லாமல் செய்தது. முன்பு சென்னை, கொல்கத்தா, லண்டன் என்று அலைந்தால்தான் பார்க்க முடிந்த நூலை இப்போது கைப்பேசியில் புரட்டலாம். இதன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். பல்கலைக்கழக அடையாள அட்டையோ பயணச் செலவுக்குப் பணமோ இல்லாதவர்கள் ஆராய்ச்சிக்குள் வர முடிந்தது இதனால்தான்.

சரி, மைக்ரோஃபிலிம் ஆயுளைத் தந்தது, ஸ்கேன் கைக்கெட்டும்படி செய்தது. இரண்டும் வெவ்வேறு காரியங்கள். கைக்கு எட்டிவிட்டதாலேயே காப்பாற்றிவிட்டோம் என்று பல நிறுவனங்கள் எண்ணிக்கொண்டதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெமி அளவுப் பக்கம் ஒன்று, உயரம் எட்டரை அங்குலம், அகலம் ஐந்தரை அங்குலம். அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் படமெடுத்து, எதையும் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 22 மெகாபைட். 200 பக்கப் புத்தகத்துக்கு நாலரை ஜிகாபைட். வாசகர் இறக்கிக்கொள்வது இதிலிருந்து சுருக்கிய, சில மெகாபைட் அளவுள்ள பிடிஎஃப். காப்பகம் உண்மையில் காக்க வேண்டியது அந்தப் பெரிய மூலக்கோப்பை. பத்தாயிரம் நூல் என்றால் 45 டெராபைட். அதை ஓரிடத்தில் வைத்தால் போதாது; குறைந்தது மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் விதி.

வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகும். காந்த நாடா கூடுதலாகத் தாங்கும். ஆனால் புதிதாக வரும் நாடா இயந்திரம் பல தலைமுறைக்கு முந்தைய நாடாவைப் படிக்காது. 2000-களில் பல நூலகங்கள் தங்கள் மின்னாக்கத்தைக் குறுவட்டுகளில் எழுதி அலமாரியில் அடுக்கின. இன்று மடிக்கணினிகளில் குறுவட்டைச் செருகும் இடமே இல்லை. வட்டில் உள்ள சாயப்படலமும் வெளிறிவிடும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய கருவிக்குப் பெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயர்க்கும்போது ஒரு பிட் மாறினாலும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். கோப்பு கெட்டால் எண் பொருந்தாது. நல்ல பிரதியிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்வார்கள்.

நம் முன்னோர்கள் செய்ததும் இதுவே. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஏடு நைந்தால் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார்கள். சங்க இலக்கியம் நம் கைக்கு வந்தது ஓலை உறுதியாக இருந்ததால் அல்ல. எந்தத் தலைமுறையிலும் யாராவது ஒருவர் எழுத்தாணியோடு உட்கார்ந்ததால். எங்கே எழுதுவது நின்றதோ அங்கே நூல் அழிந்தது. வன்தட்டுக் காலத்திலும் விதி இதேதான், இடைவெளி மட்டும் நூற்றாண்டிலிருந்து சில ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது.

படத்தை எழுத்தாக்கும் பாடு

ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். அதில் ‘பாரதி’ என்று இருப்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. தெரிய வைக்க, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரி வேண்டும். ஆங்கிலத்துக்கு இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓரளவு கைகூடிவிட்டது. தமிழுக்கு 2015-ஐ ஒட்டிக் கூகுள் டிரைவில் எழுத்துணரி வந்த பிறகுதான் நிலைமை சட்டென்று மாறியது.

அந்த மாற்றத்தை நன்றாகப் பார்க்கக் கூடிய இடம், தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட நூல்களின் ஸ்கேன்களைப் பொதுவெளிக்குத் தந்தது. தன்னார்வலர்கள் ஒரு நிரல் எழுதி, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கூகுளுக்கு அனுப்பி, திரும்பி வந்த எழுத்தை விக்கிமூலத்தில் ஏற்றினார்கள். லட்சக்கணக்கான பக்கங்கள். அதற்கு அப்புறம் தொடங்கியது மனிதர் வேலை. பக்கத்தைத் திறந்தால் ஒரு பக்கம் படம், மறுபக்கம் இயந்திரம் படித்த எழுத்து. யாரும் தொடாத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் மெய்ப்புப் பார்த்ததும் மஞ்சள். இன்னொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பச்சை.

ஒரு பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தால் எழுத்துணரி எங்கெல்லாம் தடுக்கி விழுகிறது என்பது புரியும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1978-இல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். ணா, றா, னா ஆகியவற்றின் கால், எழுத்தோடு ஒட்டிக் கீழே வளையும். புதிய வடிவங்களில் பழகிய இயந்திரம் இவற்றைக் கண்டால் திணறி, கிடைத்த எழுத்தைப் போட்டுவிடும். பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுதான். ‘காரம்’ எங்கே ‘கரரம்’ ஆகும் என்று சொல்ல முடியாது. மங்கிய புள்ளி தூசியாகக் கழிந்துவிடும், தாளில் இருந்த தூசி புள்ளியாக உட்கார்ந்துவிடும். பழைய உரைநடையில் சொற்களைச் சந்தி சேர்த்து இடைவெளியில்லாமல் கோத்திருப்பார்கள். அந்த வரியை இயந்திரம் பிழையின்றிப் படித்தாலும், தேடுபவர் ஒற்றைச் சொல்லைத் தட்டினால் அகப்படாது.

இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. இன்றைய ஆராய்ச்சி பெரும்பாலும் தேடுபெட்டியில் தொடங்குகிறது. அங்கே அகப்படாத நூல், இருந்தும் இல்லாதது போலத்தான். மொழியைக் கற்கும் இயந்திரங்களுக்கும் இதே எழுத்துகள்தான் தீனி. திருத்தாமல் விட்ட பிழை அங்கேயும் போய்ச் சேரும். பச்சை நிறத்துக்கு ஒரு பக்கத்தைக் கொண்டுவரும் பெயர் தெரியாத அந்த மனிதர்கள் செய்வது பதிப்பாசிரியர் வேலை. அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை.

பட்டியலில் இல்லாதது எங்கும் இல்லை

இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பேசப்படுவது நூற்பட்டியல். ஸ்கேன் செய்த நூலுக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பொருள் என்று விவரம் சேர்ப்பது. கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

உ. வே. சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளலாம். உ.வே.சா., உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று நூலுக்கு நூல், பட்டியலுக்குப் பட்டியல் பெயர் வேறுபடும். எல்லாம் ஒருவர்தான் என்று யாராவது கணினிக்குச் சொல்லிவைக்காவிட்டால், ஒரு பெயரில் தேடுபவருக்கு மற்றப் பெயரில் உள்ள நூல்கள் தெரியவே தெரியாது. பெயருக்கு முன்னால் ஓரெழுத்து மட்டும் போட்டு, ஊரையோ தந்தை பெயரையோ அதில் அடக்கும் வழக்கமுள்ள நமக்கு இது பெரிய தலைவலி. ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு புலவர்கள் வேறு வேறு ஊரில் வாழ்ந்திருப்பார்கள். பட்டியலில் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

ஆண்டு இன்னொரு கண்ணி. பழைய முகப்புப் பக்கங்களில் பல நேரம் தமிழ் வருடப் பெயர் மட்டுமே இருக்கும். சர்வசித்து என்று போட்டிருந்தால் அது 1887-ஆகவும் இருக்கலாம், 1947-ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்தின் வார்ப்பு, தாளின் தன்மை, முன்னுரையில் யாரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய அனுபவம் வேண்டும். முன்பு நூலகத்தில் இருந்த மூத்த நூலகருக்கு இதெல்லாம் மனப்பாடம். அவர் ஓய்வு பெற்றதும் அந்த அறிவும் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஸ்கேனர் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, அவர் பக்கத்தில் ஓர் இளைஞரை உட்கார வைக்கச் செலவானால் எவ்வளவோ நல்லது.

அக்கறையில்லாமல் செய்த பட்டியல் என்ன ஆகும் என்பதற்கு ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ நல்ல உதாரணம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பத்து லட்சம் புத்தகத் திட்டத்தோடு சேர்ந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நடுநாயகமாக இருந்து நடத்திய பெரும் முயற்சி அது. பல லட்சம் நூல்கள் ஸ்கேன் ஆயின. அவற்றில் தமிழ் நூல்களும் ஏராளம். ஆனால் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், காதில் விழுந்தபடி, பிழையோடு அடித்து வைத்தார்கள். ஒரே நூல் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று இடத்தில் கிடக்கும். ஓரம் வெட்டுப்பட்ட பக்கங்கள், விட்டுப்போன பக்கங்கள் வேறு. அவ்வளவு உழைப்பு, அவ்வளவு செலவு, தேடினால் கிடைக்காது. பிறகு பதிப்புரிமைச் சிக்கல் எழுந்து தளமே நின்றுபோனது. அதற்குள் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் அந்த நூல்களின் பிரதியை ஏற்றியிருந்தார்கள். தமிழ் ஆய்வாளர்கள் இன்றைக்கும் இறக்கிப் படிப்பது அந்தப் பிரதியிலிருந்துதான்.

ஓலைச் சுவடிக்கு இவை எல்லாம் இன்னும் கூடுதல். சுவடியைப் படமெடுக்கும் முன் தூசியைத் துடைத்து, புல்தைலம் தடவி ஓலையை வளையும்படி செய்கிறார்கள். எழுத்துப் பள்ளத்தில் கரி மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அப்புறம் ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் படம் எடுத்து, ஓரத்தில் தமிழ் எண்ணில் எழுதியிருக்கும் ஏட்டெண்ணைச் சரிபார்த்து, அதே வரிசையில் மறுபடி கயிற்றில் கோக்க வேண்டும். கோத்த பிறகு? சுவடியில் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. படித்துச் சொல்ல ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இலும், சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997-இலும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பெருமைதான். படிக்கத் தெரிந்த அடுத்த தலைமுறை உருவாகாவிட்டால் அந்தப் படங்கள் யாருக்கு?

ஒரே இடத்தில் இருந்தது எரிந்தது

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள், வேறெங்கும் பிரதி இல்லாத ஆவணங்கள் எல்லாம் போயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2003-இல் நூலகமும் திறந்தது. வேறெங்கும் பிரதி இல்லாதவை மட்டும் திரும்பவில்லை.

2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஈழத்து எழுத்து எதுவாக இருந்தாலும் அதை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைப்பது அதன் வேலை. பிறகு அது அறக்கட்டளையாக வளர்ந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அது எதையெல்லாம் எடுத்து வைக்கிறது என்பது. நாவல், கவிதை, சஞ்சிகை இருக்கும், சரி. பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத்தின் யாப்பு (அமைப்பு விதிகள்), தேர்தல் துண்டுப் பிரசுரம், நினைவு மலர் என்று எல்லாம் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் அவர் வாழ்க்கை வரலாறும் தேவாரமும் சேர்த்து ஒரு சிறு நூல் அச்சிட்டு உறவினருக்குக் கொடுப்பார்கள், கல்வெட்டு என்பார்கள். எந்தப் பொது நூலகமும் அதை அலமாரியில் வைத்ததில்லை. ஆனால் ஊரை விட்டு ஊர், நாட்டை விட்டு நாடு சிதறிய ஒரு சமூகத்தின் குடும்பங்களையும் குறிச்சிகளையும் பின்தொடர இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. அலமாரிக்கு இடப்பற்றாக்குறை உண்டு. வட்டுக்கு அது மிகக் குறைவு. அதனால் எது நூலகத்தில் இருக்கத் தகுதியானது என்ற பழைய வரம்பே தளர்ந்துவிட்டது. ரோஜா முத்தையா தனியாளாக நோட்டீஸ் சேர்த்தபோது அவர் செய்ததும் இதே வரம்பு மீறல்தான்.

தீ மட்டும்தான் நூலகத்தை அழிக்கும் என்பதில்லை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபர் இறுதியில் கணினித் தாக்குதலுக்கு உள்ளானது. ரைசிடா என்ற கும்பல் பணம் கேட்டது, நூலகம் கொடுக்கவில்லை, ஏறத்தாழ 600 ஜிகாபைட் தரவைக் கும்பல் இணையத்தில் கொட்டிவிட்டது. நூற்பட்டியலைத் தேடும் வசதியே 2024 சனவரியில்தான், அதுவும் அரைகுறையாகத் திரும்பியது. மின்னாக்கம் செய்த கையெழுத்துச் சுவடிகள் அதற்கும் நெடுநாள் கழித்தே வந்தன. நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களைப் பதிவு செய்து, அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை லண்டனுக்கு அனுப்பினார்கள். அதனால் இங்கே கிடைக்காத பல பழைய தமிழ் நூல்கள் அங்கேதான் இருக்கின்றன. நூல்கள் அலமாரியில் சேதமில்லாமல் இருந்தன. எந்த அலமாரி என்று சொல்லும் பட்டியல்தான் முடங்கியது; பல வாரங்களுக்குப் பெரும்பாலான நூல்களை எடுத்துத் தர முடியவில்லை. ஓராண்டு கழித்து, 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாள் மூடிக் கிடந்தது.

ஆகவே பெரிய நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் என்று ஓரிடத்தை நம்பி ஒப்படைத்துவிட முடியாது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கிய ஒரு திட்டம், பல நூலகங்கள் ஒரே இதழின் பிரதிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, கணினிகள் வழியே ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கெட்டுப்போனதைத் திருத்திக்கொள்ளும் முறையை உருவாக்கியது. தமிழுக்கு இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். தரமணி, யாழ்ப்பாணம், புதுச்சேரி, சிங்கப்பூர் என நான்கு இடங்களில் ஒன்றின் மூலக்கோப்புகளை மற்றொன்று வைத்திருக்கலாம். தொழில்நுட்பம் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் சேகரிப்பைச் சொத்தாகப் பொத்தி வைத்துக்கொள்ளும் மனப்போக்குதான் குறுக்கே நிற்கிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது, அதை மறுக்க முடியாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுக்கும் இலங்கையில் 70 ஆண்டுக்கும் பதிப்புரிமை உண்டு. 1970-இல் இறந்த எழுத்தாளரின் நூலை ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க வாரிசின் சம்மதம் வேண்டும். வாரிசு யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் தாள் உதிர்ந்துவிடும். தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. எழுத்தாளரின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கிவிடுகிறது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். விக்கிமூலத்துக்கு அத்தனை நூல்கள் கிடைத்தது இதனால்தான். ஆனால் பெயர் பெற்றவர்களுக்குத்தான் இந்த வழி திறக்கிறது. ஒரே ஒரு நூல் எழுதிவிட்டு மறைந்த கிராமத்து ஆசிரியருக்கு இல்லை. உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்களை, உரிய தேடலுக்குப் பிறகு நூலகம் வெளியிடலாம், யாராவது வந்து கேட்டால் எடுத்துவிடலாம் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு விதி தேவை.

காகிதமே இல்லாமல் பிறப்பவை

இதுவரை சொன்னதெல்லாம் காகிதத்திலும் ஓலையிலும் இருந்தவற்றைப் பற்றி. கணினியிலேயே பிறந்தவற்றின் நிலைமை இன்னும் மோசம். 2009-இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டிஸ் தளத்தை மூடியபோது தொடக்க காலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அதோடு போயின. 2000-களின் வலைப்பதிவுகளில் நடந்த வாதங்கள், முதல் கதைகள், போர்க்காலத்துச் சாட்சியங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று தேடிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். எழுத்து இருந்தால் படம் இருக்காது. இணைப்பைத் தட்டினால் வேறு ஏதோ விளம்பரம் திறக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் 1996 முதல் இணையப் பக்கங்களைப் படி எடுத்து வைப்பதால் ஓரளவு தப்பியது. இன்றைக்கு நடக்கும் இலக்கியச் சண்டைகளோ பெரும்பாலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும். உள்நுழைந்தால்தான் தெரியும் இடங்களை அந்த இயந்திரத்தால் எட்ட முடியாது. நாற்பது ஆண்டு கழித்து 2020-களின் தமிழ் எழுத்துலகை ஆராய வருபவர், 1920-களை ஆராய்பவரைவிடக் கையில் குறைவான சான்றோடு உட்காரக் கூடும்.

மின்னூலும் அப்படித்தான். இந்தியாவில் 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, பதிப்பாளர் தான் வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கடமை காகிதத்தோடு நிற்கிறது. அமேசான் நிறுவனத்தின் கிண்டிலில் மட்டும் வெளியாகும் தமிழ் நாவலை எங்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை. நிறுவனம் நாளை அதை நீக்கினால் எந்த நூலகத்திலும் பிரதி இருக்காது. பிரிட்டன் 2013-இல் தன் சட்டத்தை விரித்து மின்னூல்களையும் இணையதளங்களையும் சட்டப்படியான சேகரிப்புக்குள் கொண்டுவந்தது. இங்கேயும் அதைச் செய்யலாம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக 1948-இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரி வாங்கும் முறை தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. அந்த வரிப்பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, தமிழில் வெளியாகும் மின்னூல், மின்னிதழ், இணையதளம் ஒவ்வொன்றுக்கும் கன்னிமாராவில் ஒரு பிரதி சேரும்படி விதி செய்ய மாநில அரசு நினைத்தால் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தொடங்கலாம்.